நான்காம் மாடிக் கொடித்தோடை: மொட்டு வருகிறது, பூவைக் காணவில்லை

நாலாம்மாடி | பெப்ரவரி 6, இரவு 9.50

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில், மரைன் டிரைவிலிருந்து ஒரு ஒழுங்கை உள்ளே, தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறேன். பெல்கனி மேற்கே பார்த்தது. கடல் தெரியும், பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் வீதியோரச் செடிக்கடையொன்றில் "நீலப் பாசன் பூ, லண்டன் இனம்" என்று சொல்லி ஒரு கன்று தந்தார்கள். இருபது லீற்றர் பெயின்ற் வாளியில் நட்டேன். கிறில் முழுவதும் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டியையும் பிடிக்கப் பார்க்கிறது, அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இலைக்குக் குறைவே இல்லை. ஆறு மாதமாக மொட்டும் வருகிறது. ஆனால் ஒரு மொட்டுக்கூட விரிவதில்லை. காலையில் பார்த்தால் தரையில் மூன்று நான்கு மொட்டுகள் வாடி விழுந்து கிடக்கின்றன. கூட்டி அள்ளுவதே என் காலைத் தொழிலாகிவிட்டது.

பசளை: மாதமொருமுறை யூரியா ஒரு கைப்பிடி, ஆட்டெரு. தண்ணீர்: தினமும் இரவில். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவேன். எங்கே பிழை?


பூச்சாடித் தெஹிவளை | பெப்ரவரி 6, இரவு 10.15

தம்பி, ஒரு கைப்பிடி யூரியாவா? சாடியில் இருப்பதற்கா, அரை ஏக்கர் வயலுக்கா? தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் கொடி ஏன் பூக்க வேண்டும்? அதற்கு வயிறு நிறைந்துவிட்டது, இலையை விரித்துப் படுத்துக்கொள்கிறது. யூரியாவை இன்றே நிறுத்துங்கள். மூன்று கிழமைக்கு வெறும் தண்ணீர். பிறகு பொட்டாசியம் கூடிய பசளை, சாடிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதையும் சாடியின் விளிம்போரமாகத் தூவி நீர் விடுங்கள். அடுப்புச் சாம்பலை வாளி வாளியாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கூடாது. மண் காரமாகிப் புதிய இலை வெளிறிப்போகும்.

இன்னொன்று, இருபது லீற்றர் வாளியை மாற்றிவிடாதீர்கள். இந்தக் கொடிக்கு வேர் கொஞ்சம் நெருக்கப்பட்டால்தான் பூக்க மனம் வரும். பெரிய சாடி கொடுத்தால் முதலில் சாடியை வேரால் நிரப்பிவிட்டுத்தான் பூவைப் பற்றி யோசிக்கும்.


ஹரோ அக்கா | பெப்ரவரி 7, அதிகாலை 2.05

இங்கே லண்டனில் நல்ல குளிர், உறக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். லண்டன் இனம் என்று சொன்னதால் என் அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன்.

இங்கே தோட்டங்களில் ஏறுவது பெரும்பாலும் பாசிஃப்ளோரா செருலியா என்ற நீலப் பாசன் பூக்கொடி. ஆர்ஜன்டீனா, தென் பிரேசில் பக்கத்துச் செடி. கிட்டத்தட்ட சைபருக்குக் கீழே பத்துப் பாகை வரை தாங்கும். என்னுடையது நாற்பது சென்ரிமீற்றர் சாடியில், தெற்குப் பார்த்த செங்கல் சுவரோடு ஒட்டி நிற்கிறது. பகல் முழுவதும் சுவர் குடித்த வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சுவர்தான் அதன் கம்பளி. சாடியிலிருந்தால் வேர் உறைந்துவிடும் என்ற பயம் உண்டு, ஆகவே டிசம்பரில் சாடிக்குச் சாக்குச் சுற்றிவிடுவேன். வசந்தத்தில் செத்த கிளைகளை வெட்டினால், புதிய தளிரில்தான் பூ வரும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை தக்காளிக்குப் போடும் திரவப் பசளை. முட்டை வடிவில் செம்மஞ்சள் காய் காய்க்கும். பழுத்ததைத் தின்னலாம், ஆனால் தின்று பார்த்தவர்கள் இரண்டாவது பழம் கேட்டதில்லை.

உங்கள் கொடியையும் சுவரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள் தம்பி, காற்றுக்கு மறைவாக இருக்கும்.


பூச்சாடித் தெஹிவளை | பெப்ரவரி 7, காலை 6.40

அக்கா கோபிக்கக்கூடாது. வெள்ளவத்தையில் மேற்குச் சுவரோடு சாடியை ஒட்டி வைத்தால் வேர் அவிந்துவிடும். பின்னேரம் நான்கு மணிக்கு அந்தச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். அதுவும் கறுப்புச் சாடியென்றால் கேட்கவே வேண்டாம். அங்கே சுவர் கம்பளி. இங்கே சுவர் தோசைக்கல்.

வேர் நிழலில், தலை வெயிலில். அவ்வளவுதான். சாடியைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, முன்னால் இன்னொரு சாடியை நிழலுக்கு வைக்கலாம். நான் பழைய தும்புச்சாக்கைச் சுற்றிவிட்டிருக்கிறேன். அக்கா குளிருக்குச் சுற்றுகிறார், நான் வெயிலுக்குச் சுற்றுகிறேன்.


உப்புக்காற்று | பெப்ரவரி 7, காலை 8.10

பம்பலப்பிட்டியிலிருந்து. மொட்டு உதிர்வதற்குக் கடற்காற்றும் காரணமாக இருக்கலாம். இலையின் விளிம்பு தீய்ந்ததுபோல் பழுப்பாகிறதா? அப்படியென்றால் உப்பு. காற்றடித்த நாளின் மாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். கடல் பக்கத்துக் கிறிலில் நிழல் வலை கட்டுங்கள். கட்டிடக்காரர்கள் தொங்கவிடுகிற பச்சை வலையல்ல, நாற்றுமேடைகளில் போடும் கறுப்பு வலை. காற்றைத் தகரத்தால் மறிக்காதீர்கள். தகரத்தைத் தாண்டி உள்ளே விழுந்து சுழன்று இன்னும் மோசமாகச் சிப்பிலியாட்டும். வலையென்றால் வேகம் குறைந்து வடிந்து வரும்.

இப்போது கடல் சும்மா இருக்கிறது. மே மாதம் தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் தெரியும்.


வாத்தியார் | பெப்ரவரி 7, காலை 11.30

எல்லோரும் மருந்து எழுதிவிட்டீர்கள், நோயாளியை யாராவது பார்த்தீர்களா?

நாலாம்மாடி, மூன்று கேள்வி. இலைக்கு எத்தனை விரல்? பற்றுக்கம்பியின் நிறம் என்ன, வெறும் பச்சையா, செம்மை கலந்ததா? இலைக்காம்பில், இலை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கடுகளவு இரண்டு முடிச்சுகள் இருக்கின்றனவா?


நாலாம்மாடி | பெப்ரவரி 7, இரவு 8.45

ஐயா, இலைக்கு மூன்று விரல். அடியிலுள்ள சில இலைகள் பிளவுபடாமலே இருக்கின்றன. பற்றுக்கம்பி இளஞ்சிவப்பு. முடிச்சு இரண்டும் இருக்கின்றன, அவற்றில் எறும்பு மொய்க்கிறது. மருந்தடிக்க வேண்டுமா?

விளிம்பு தீயவில்லை. யூரியாப் பையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன்.


வாத்தியார் | பெப்ரவரி 7, இரவு 9.30

எறும்புக்கு மருந்து வேண்டாம். அந்த முடிச்சுகள் தேன் சுரப்பிகள். கொடி எறும்புக்குத் தேன் கொடுக்கிறது, எறும்பு புழுவின் முட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது. சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் காவற்காரனை நீங்கள் ஏன் கொல்ல வேண்டும்? மாவுப்பூச்சி பெருகினால் மட்டும் கவனியுங்கள், எறும்பு அதையும் வளர்க்கும்.

இனி விடயத்துக்கு வருகிறேன். செருலியாவென்றால் இலைக்கு ஐந்து விரலாவது இருக்கும், ஏழும் வரும். மூன்று விரல், செம்மை கலந்த பற்றுக்கம்பி என்றால் உங்களிடம் இருப்பது லண்டனுமில்லை, நீலமுமில்லை. நம்முடைய கொடித்தோடைதான், பழத்துக்கு வளர்க்கும் பாசன் கொடி. அதிலும் மஞ்சள் பழ இனம், ஃபிளாவிகார்ப்பா. ஊதாப் பழ இனம் மலைநாட்டுக் குளிருக்கு ஏற்றது. கொழும்புப் புழுக்கத்தில் செழிப்பது மஞ்சள்தான்.

ஆகவே அடுத்த கேள்வி. விழுந்து கிடக்கும் "மொட்டு" ஒன்றை எடுத்துப் பிளேற்றால் நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். நான் ஒன்று நினைக்கிறேன், இப்போது சொல்லமாட்டேன்.


கொட்டாஞ்சேனைக்காரி | பெப்ரவரி 7, இரவு 10.00

வாத்தியார் ஐயா பரீட்சை வைக்கிறார்.

எங்கள் வீட்டு முற்றத்தில் மஞ்சள் கொடித்தோடை உண்டு. நாற்புறமும் சுவர், காற்றே வராது, மேலே கம்பிப் பந்தல். ஒரே கொடியென்று நினைக்காதீர்கள். நான்கைந்து வருடத்தில் அடித்தண்டு அழுகிச் செத்துவிடும், அம்மா அதற்குள் விதை போட்டு அடுத்ததை எழுப்பிவிடுவார். மழைக்குத் தண்டடியில் தண்ணீர் தேங்கினால் அழுகல் நிச்சயம். ஆகவே மண்ணைக் குவித்துத் திட்டியாக்கித்தான் நடுவோம். சாடியென்றால் தும்புத்தூள், மணல், கூட்டெரு மூன்றும் சரிசமனாக.

என் அம்மம்மா இதைப் பாடுகளின் பூ என்பார். பாசன் என்றால் ஆசை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசையல்ல, ஆண்டவருடைய திருப்பாடுகள். அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஸ்பானிய குருமார் பூவைப் பார்த்துச் சொன்ன கணக்கு: மேலே மூன்று சூல்முடி மூன்று ஆணி, ஐந்து மகரந்தப்பை ஐந்து காயம், நடுவிலுள்ள இழைவட்டம் முள்முடி, பத்து இதழ் பத்து அப்போஸ்தலர். பன்னிரண்டில் யூதாசையும் மறுதலித்த பேதுருவையும் கழித்துவிட்டார்கள். பேதுருவைக் கழித்தது சரியில்லை என்று அம்மம்மா கடைசிவரை வாதாடினார், அவர் அழுது மனந்திரும்பினாரல்லவா.


நாலாம்மாடி | பெப்ரவரி 8, காலை 6.20

கீறினேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உள்ளே எல்லாம் இருக்கிறது. நசிந்து ஈரமான, நூல் நூலான சுருள் இழைகள், நுனி வெள்ளை, அடி ஊதா. மூன்று சூல்முடி. ஐந்து பை, மஞ்சள் மகரந்தம் விரலில் ஒட்டியது. இது விரியாத மொட்டில்லை. விரிந்து மூடிய பூ.


வாத்தியார் | பெப்ரவரி 8, காலை 7.00

அதைத்தான் நினைத்தேன். மஞ்சள் இனம் நண்பகலையொட்டி விரியும், இரவு ஒன்பது பத்துக்குள் மூடிவிடும். ஊதா இனம் நேர்மாறு, விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடும். மூடிய பூவைப் புறவிதழ் இறுக்கிக்கொள்வதால் மீண்டும் மொட்டுப்போல் தெரியும். கருக்கட்டாவிட்டால் ஓரிரு நாளில் காம்போடு விழும்.

ஆறு மாதமாக உங்கள் கொடி உங்களுக்குப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அலுவலகத்தில் இருந்தீர்கள்.


பூச்சாடித் தெஹிவளை | பெப்ரவரி 8, காலை 7.25

இரவு எட்டுக்கு வீட்டுக்கு வருகிறார், பூ ஒன்பது வரை இருக்கிறது, தினமும் தண்ணீரும் ஊற்றுகிறார். எப்படித் தெரியாமல் போனது? சனி ஞாயிறு எங்கே போனீர்கள்?

யூரியாவைப் பற்றிச் சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை. அது எப்படியும் கூடுதல்.


நாலாம்மாடி | பெப்ரவரி 8, காலை 9.10

அண்ணா, சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மேற்கு வெயில் தாங்காமல் மதியத்திலிருந்து பெல்கனிக் கதவைச் சாத்தித் தடித்த திரையை இழுத்துவிடுவோம், சனி ஞாயிறும்தான். இரவில் கொடிக்குப் பெல்கனி விளக்கைப் போடாமல், கதவிடுக்கால் குழாயை நீட்டி அடியில்தான் தண்ணீர் விடுவேன். பூவெல்லாம் வெயில் தேடிக் கிறிலுக்கு வெளியே கடலைப் பார்த்துத் தொங்கியிருக்கிறது. வீதியில் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

புதன்கிழமை போயா விடுமுறை. கதிரையைப் போட்டு உட்காரப் போகிறேன்.


எறும்பு | பெப்ரவரி 9, மாலை 5.30

உட்காரும்போது இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். என்னுடைய கொடியை ஒரு கிழமையில் மயிர்க்கொட்டி மொட்டையடித்தது. செம்பழுப்பு நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். நாற்பது வரை எண்ணினேன். சவர்க்காரத் தண்ணீரா, வேப்பெண்ணெயா, எது நல்லது?


வாத்தியார் | பெப்ரவரி 9, மாலை 6.15

இரண்டும் வேண்டாம். அது செம்மஞ்சள் சிறகில் கறுப்புப் புள்ளி போட்ட, மெதுவாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழு. அக்ரேயா டெர்ப்சிகோரி என்பது அறிவியற் பெயர். கொடித்தோடைக் குடும்பத்தின் இலையில் சயனைட் தரும் சேர்மங்கள் இருக்கின்றன. மற்றப் பூச்சிகள் தயங்கும், இது அதைத் தின்றே வளரும். அதனால்தான் பறவைக்குப் பயப்படாமல் ஆடி அசைந்து பறக்கிறது. வேலியோரத்தில் வளரும் சிறுபூனைக்காலிக் கொடியிலும் இதே புழுவைக் காணலாம். அந்தக் கொடியொன்றை ஒரு பழைய சாடியில் விட்டு, புழுவை இலையோடு கிள்ளி அதற்கு மாற்றிவிடுங்கள்.


எறும்பு | பெப்ரவரி 9, மாலை 6.40

ஐயா, நாற்பது புழுவையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி மாற்ற வேண்டுமா? எனக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.


கொட்டாஞ்சேனைக்காரி | பெப்ரவரி 9, இரவு 8.00

வளர்ந்த கொடியென்றால் விட்டுவிடுங்கள், மீண்டும் தளிர்க்கும். எங்கள் வீட்டுக் கொடி வருடத்துக்கு இரண்டு தடவை மொட்டையாகும், அதன் பிறகு வருகிற தளிரில்தான் பூ அதிகம். ஒரு முழம்கூட இல்லாத கன்று என்றால் மட்டும் ஈவிரக்கம் பார்க்காமல் கையால் எடுத்துவிடுங்கள். இதில் வாத்தியார் ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை.


நாலாம்மாடி | பெப்ரவரி 12, மாலை 4.40

பதினொன்றரைக்கே உட்கார்ந்தேன். முட்டைபோலப் பருத்த மொட்டுகள் நான்கு. பன்னிரண்டு இருபதுக்கு முதலாவதில் ஒரு புறவிதழ் விலகியது. பிறகு கண்ணுக்கு முன்னாலேயே விரிகிறது. மெதுவாக என்று நினைத்திருந்தேன், இல்லை. இழைகள் மடிப்புக் கலைந்து சுருள் சுருளாக எழுந்து நிற்கின்றன. வாசனையும் இருக்கிறது. சூல்முடி மூன்றும் முதலில் வானத்தைப் பார்த்து நின்றன. கொஞ்ச நேரத்தில் வளைந்து மகரந்தப்பை மட்டத்துக்கு இறங்கின. நான்கில் ஒன்று மட்டும் கடைசிவரை வளையவில்லை. மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஏசிப் பெட்டி விவகாரம் தீர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

தேனீ நிறைய வந்தது. இனிக் காய்க்குமா?


வாத்தியார் | பெப்ரவரி 12, மாலை 5.20

காய்க்காது. இரண்டு காரணம். தேனீ மகரந்தத்தைத் திருடிக்கொண்டு போகும், ஆனால் அதன் முதுகு சூல்முடிக்கு எட்டாது. இந்தப் பூவுக்கு ஏற்ற ஆள் மரத்தில் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டு. அது உள்ளே நுழைந்தால் முதுகு பையிலும் முடியிலும் உரசும். நான்காம் மாடிக்கு அது வந்தாலும், இரண்டாவது தடை இருக்கிறது. மஞ்சள் இனம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு விதையிலிருந்து முளைத்த கொடியின் மகரந்தம் வேண்டும். உங்கள் கொடியிலிருந்தே துண்டு வெட்டிப் பதித்தால் பயனில்லை, அது அதே ஆள்.

வளையாத சூல்முடிப் பூவை விட்டுவிடுங்கள், அது எதைத் தடவினாலும் காய் பிடிக்காது.


கொட்டாஞ்சேனைக்காரி | பெப்ரவரி 12, இரவு 7.30

தம்பி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில்தான் இருப்போம். ஒரு மணிக்கு வந்து வேண்டிய பூவைப் பறித்துக்கொண்டு போங்கள். சாப்பாட்டுப் பெட்டியில் காகிதம் போட்டு எடுத்துப் போனால் கசங்காது. நனையக்கூடாது, தண்ணீர் பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகிவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் எங்கள் வீட்டிலும் காய் குறைவு.


நாலாம்மாடி | பெப்ரவரி 16, இரவு 9.00

போய் வந்தேன். அக்கா வீட்டில் பூவுக்கு முன் சோறு தந்தார்கள், அதனால் கொஞ்சம் பிந்திவிட்டது. மடியில் சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் ஐந்து பூ. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்ன கறி என்று கேட்டார். மூன்றரைக்கு வீடு. சூல்முடி வளைந்த பூ ஆறு இருந்தன. மகரந்தப்பையை நேரே முடியில் தடவினேன், தூரிகை தேவைப்படவில்லை.


பூச்சாடித் தெஹிவளை | பெப்ரவரி 17, காலை 6.50

வாழ்த்துகள். நடுவில் ஒரு விடயம், யாரும் சொல்லவில்லை. சாடிக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா? இரவில் ஊற்றும் தண்ணீர் அதில் நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும், ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகிப் பறக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். தட்டில் மணலை நிரப்புங்கள், அல்லது தட்டையே எடுத்துவிடுங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றினால் இன்னும் நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டும்போது பூவின் அழகைச் சொல்லித் தப்ப முடியாது.


ஹரோ அக்கா | பெப்ரவரி 18, அதிகாலை 1.15

முழுவதையும் வாசித்தேன். எனக்கு மஞ்சள் பழத்தின் மீது பொறாமை. நாலாம்மாடித் தம்பி நீலம்தான் வேண்டுமென்று என்னிடம் தனிமடலில் துண்டு கேட்டிருந்தார். கொண்டுவரமாட்டேன் தம்பி. செடி, விதை எதுவானாலும் உரிய அனுமதி இல்லாமல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறக்கக்கூடாது. தவிர, செருலியா கொழும்புப் புழுக்கத்தில் இலையாய்க் கிடக்குமே தவிர ஒழுங்காகப் பூக்காது.


நாலாம்மாடி | ஏப்ரல் 27, இரவு 8.20

எழுபது நாள். ஆறில் நான்கு பிடித்தன. மூன்று இன்னும் பச்சை. ஒன்று இன்று காலை மஞ்சளாகித் தானாகவே விழுந்தது. பறிக்க வேண்டியதில்லை, பழுத்தால் விழும் என்று கொட்டாஞ்சேனை அக்கா சொன்னபடி கிறிலுக்கு வெளியே பழைய நுளம்பு வலையைத் தூளிபோலக் கட்டியிருந்தேன். இல்லாவிட்டால் கீழே நிற்கும் யாருடைய காரிலோ விழுந்திருக்கும். சீனி போட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கரைத்தோம். நான்கு பேருக்கு ஆளுக்கு அரைக் கோப்பை. பக்கத்து வீட்டு அன்ரிக்கும் ஒரு பங்கு போனது.

விதையை எடுத்து வைத்திருக்கிறேன். இதில் முளைக்கும் கொடி தாய்க்கொடிக்கு மகரந்தம் தருமா ஐயா?


வாத்தியார் | ஏப்ரல் 27, இரவு 9.05

சில தரும், சில தராது. மூன்று நான்கு கன்று எழுப்பி, பூத்த பிறகு பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். விதையைச் சுற்றியுள்ள சாற்றுப்பையை நன்றாகக் கழுவி உடனே போடுங்கள், காய வைத்தால் முளைக்க நாளாகும்.


நாலாம்மாடி | ஏப்ரல் 27, இரவு 9.20

நன்றி ஐயா. உப்புக்காற்று அண்ணா, கடல் இரண்டு நாளாக இரைகிறது. அந்தக் கறுப்பு வலையில் ஐம்பது வீத நிழலா, எழுபது வீத நிழலா வாங்குவது?


உப்புக்காற்று | ஏப்ரல் 27, இரவு 9.45

ஐம்பது. கட்டும்போது கீழ்ப்பக்கத்தை இறுக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே கிழியும்.